அவருடைய பேண்ட்டும் என் பிரெஞ்சுப் பரீட்சையும்

ஒரு வருடத்துக்கும் மேலாக என் கணவரின் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் சொந்தக்காரர்கள் யாரையாவது நீங்கள் எங்காவது சந்திக்க நேர்ந்தால், என் பெயரைச் சொல்வதற்கு முன்னால் அவர்கள் உங்களிடம் இதைத்தான் சொல்வார்கள்.

பெனுவாவுக்கும் எனக்கும் கல்யாணமாகி எழுபதாவது நாள் அவர் பிரான்சுக்கு விமானம் ஏறினார். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அதனால் அந்த நாட்டுக் குடியுரிமை அவருக்குப் பிறக்கும்போதே கிடைத்துவிட்டது. நான் கடலூர்க்காரி, எனக்கு ரேஷன் கார்டு கிடைத்ததே பெரிய விஷயம். அங்கே ஒரு கிடங்கில் அவருக்கு வேலை. நான் போய்ச் சேர விசா வேண்டும். விசாவுக்குக் கொடுக்க வேண்டிய தாள்களில், எனக்குப் பிரெஞ்சு பேசத் தெரியும் என்ற சான்றிதழும் ஒன்று. மாமா இறந்து பல வருடமாகிவிட்டதால், முதலியார்பேட்டை வீட்டில் என் மாமியாரும் நானும் மட்டும் இருந்தோம்.

பெனுவா விட்டுப்போனவை இரண்டு. ஒன்று, குறுக்கே பார் வைத்த ஆண்கள் சைக்கிள். இன்னொன்று, அலமாரி நிறையத் துணி.

லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. போய்வர ஸ்கூட்டி இருந்தது. அதை ஓரம் கட்டிவிட்டு அவருடைய சைக்கிளை எடுத்தேன். கேட்டவர்களிடம் உடம்பைக் குறைக்கிறேன் என்றேன், பெட்ரோல் விலை என்றேன், சுற்றுச்சூழல் என்றுகூட ஒருத்தியிடம் சொன்னேன் (அவள் நம்பினாள்). உண்மை அதுவல்ல. எனக்கு அவரைத் தேடியது. சாப்பிட உட்கார்ந்தால் தேடியது, பஸ் ஹாரன் கேட்டால் தேடியது. அவர் தொட்டுப் புழங்கிய எதையாவது தினமும் தொட வேண்டும்போல இருந்தது. சைக்கிள் சீட்டு அவர் உயரத்துக்கு இருந்தது. அதை நான் இறக்கவே இல்லை. சிக்னலில் நின்றால் கட்டைவிரல் நுனிதான் தரையில் படும்.

இப்போது உடைப் பிரச்சினைக்கு வருகிறேன். பார் வைத்த சைக்கிளில் சேலை கட்டிக்கொண்டு ஏற முடியாது. முயற்சி செய்தேன், வாசலிலேயே விழுந்தேன். அடுத்து சுடிதார். முதல் நாளே கடலூர் சாலை ரயில்வே கேட் பக்கத்தில் துப்பட்டா பின்சக்கரத்துக்குள் போய்விட்டது. கேட் மூடியிருந்ததால் உயிர் பிழைத்தேன். திறந்திருந்தால் என் கழுத்து ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் லாஸ்பேட்டை போயிருப்போம். துப்பட்டாவை விட்டுவிட்டு பாட்டியாலா பேண்ட் போட்டேன். சங்கிலி அதை ஆசையாகச் சாப்பிட்டது. லெக்கின்ஸ் சங்கிலிக்குத் தப்பியது, ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்துக்குத் தப்பவில்லை. அலுவலகம் போய்ச் சேரும்போது கால் இரண்டும் அவித்து எடுத்ததுபோல இருக்கும். அதோடு கடல்காற்று மேல்சட்டையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டும். பின்னால் வந்த டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லாரும் எனக்காக ஜெபம் செய்திருப்பார்கள்.

அப்படி ஒருநாள் அலமாரியைத் திறந்தபோதுதான் அந்தப் பேண்ட் கண்ணில் பட்டது. சாம்பல் நிறம், பழைய பருத்தி, முழங்காலில் லேசாக வெளுத்திருந்தது. அவர் இடுப்பு முப்பத்துநாலு, என் இடுப்பு அப்போது இருபத்தெட்டு (இப்போது கேட்காதீர்கள்). அவர் பெல்ட்டில் ஆணி வைத்து இரண்டு ஓட்டை போட்டேன். கால் நுனியை மடித்து, துணி காயப்போடும் க்ளிப்பைக் காலுக்கொன்றாக மாட்டினேன். மேலே அவருடைய கட்டம் போட்ட சட்டை. ஏறி உட்கார்ந்து மிதித்தேன். எதுவும் பறக்கவில்லை, எதுவும் சிக்கவில்லை, காற்று உள்ளே புகுந்து வெளியே போனது. பாக்கெட் வேறு. முழங்கை வரை கை போகும் பாக்கெட்டுகளை இந்த ஆண்கள் இத்தனை காலமாக நம்மிடம் சொல்லாமல் அனுபவித்திருக்கிறார்கள்.

முதல் பத்து நாள் அதைத் துவைக்கவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அதில் அவர் வாசனை இருந்தது. ஆனால் தினமும் பதினாலு கிலோமீட்டர் மிதிக்கிறவளின் வியர்வைக்கு முன்னால் எந்தக் கணவன் வாசனை நிற்கும்? பத்தாவது நாள் முகர்ந்து பார்த்தேன். முழுக்க நானேதான் இருந்தேன். அன்றைக்குத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுக் குளியலறையில் கொஞ்ச நேரம் அழுதேன்.

அத்தைக்குத் தெரியாமல்தான் இவ்வளவும். என் மாமியார் ராணுவக்காரர் மனைவியாகப் பன்னிரண்டு வருடம் பிரான்சில் இருந்தவர். பனி கொட்டும்போதும் சேலைதான் கட்டியதாகப் பெருமையாகச் சொல்வார். "அங்கயே நான் பேண்ட் போட்டதில்ல, இங்க எதுக்கு?" என்பது அவர் கட்சி. காலையில் அவர் மாதா கோவில் பூசைக்குப் போயிருக்கும்போது நான் கிளம்பிவிடுவேன். அலுவலகக் கழிவறையில் சேலைக்கு மாறுவேன். சாயங்காலம் மறுபடி பேண்ட்டில் திரும்பி வந்ததும், மாடிப்படிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த நைட்டியைப் பேண்ட்டுக்கு மேலேயே கவிழ்த்துக்கொண்டு நல்ல மருமகளாக உள்ளே போவேன். இதில் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

பிரெஞ்சு வகுப்புக்கும் போய்க்கொண்டிருந்தேன். எழுத்துப் பரீட்சை பிரச்சினை இல்லை. வாய்மொழிதான் பயம். உடையைப் பற்றி நிச்சயம் கேட்பார்கள் என்று வகுப்பில் யாரோ கிளப்பிவிட்டதால், தங்கக் கரை போட்ட பச்சைப் பட்டுச்சேலை உடுத்தியிருப்பதாக ஆறு வாக்கியம் மனப்பாடம் செய்தேன். நான் சமையலறையில் சொல்லச் சொல்ல அத்தை திருத்துவார். அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு கறிக்கடைப் பிரெஞ்சு. அதனால் என் சேலை வர்ணனையில் கறி எடை போடச் சொல்லும் அதட்டல் கொஞ்சம் இருந்தது. பதில் பொய்யாகிவிடக் கூடாதென்று, அதே பச்சைப் பட்டையே பரீட்சைக்குக் கட்டுவதாக முடிவு செய்தேன்.

அந்த நாளும் வந்தது. ஆட்டோவில் போயிருக்கலாம், அத்தையும் அதைத்தான் சொன்னார். நான்தான் கேட்கவில்லை. அவர் சைக்கிளில், அவர் பேண்ட்டில் போனால் அவரே கூட வருகிற மாதிரி என்று எனக்கு ஒரு கிறுக்கு நம்பிக்கை. பட்டுச்சேலை, ரவிக்கை, உள்பாவாடை எல்லாவற்றையும் மடித்து ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு முந்தின நாளே சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டேன். காலையில் அத்தை பூசைக்குப் போனதும் பையைத் தூக்கி ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பரீட்சை நடந்த இடத்தில் சீக்கிரமே போய்ச் சேர்ந்து, கழிவறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பையைப் பிரித்தேன். உள்ளே கஞ்சி போட்டு இஸ்திரி செய்த வெள்ளைத் துணி. அதை எடுத்தால் அதற்கடியில் இன்னொரு வெள்ளைத் துணி, ஓரம் முழுக்க லேஸ், நடுவில் சிவப்பு நூலில் சிலுவை. எங்கள் பங்குக் கோவிலின் பீடத்து விரிப்புகள். துவைத்துக் கொடுப்பது அத்தையின் பொறுப்பு. அதே ஜவுளிக்கடை, அதே பை, அதே மேசை.

அத்தைக்குப் போன் செய்தேன். கோவிலுக்குப் போன் எடுத்துப்போவது பாவம் என்று நினைப்பவர் அவர். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விரிப்பின் நீளத்தைக் கையால் அளந்து பார்த்தேன். ஆறு கஜம் இருக்கும்போல இருந்தது, கொசுவம்கூட வரும். (இந்த நினைப்பு வந்ததற்காகப் பிறகு பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் மன்னிப்பதற்கு முன்னால் நெடுநேரம் இருமினார்.) வெளியே என் பெயரைக் கூப்பிட்டார்கள். கட்டம் போட்ட சட்டையோடும் சாம்பல் நிறப் பேண்ட்டோடும் போய் உட்கார்ந்தேன். அவசரத்தில் க்ளிப்பைக்கூடக் கழற்றவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு மதாம். நம் ஊர் அம்மாதான், வெட்டிய நரைமுடி, மூக்குக்கண்ணாடி. பெயர் கேட்டார், ஊர் கேட்டார், சொன்னேன். பிறகு, கேட்கக் கூடாதென்று நான் வேண்டிக்கொண்டிருந்ததையே கேட்டார். இன்றைக்கு என்ன உடுத்தியிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

மனப்பாடம் பொல்லாதது. நான் யோசிப்பதற்குள் வாய் திறந்துகொண்டது. தங்கக் கரை போட்ட பச்சைப் பட்டுச்சேலை உடுத்தியிருக்கிறேன், அது மிக அழகாக இருக்கிறது, காஞ்சிபுரத்தில் நெய்தது என்று ஆறு வாக்கியத்தையும் கறிக்கடை அதட்டலோடு சொல்லி முடித்தேன். மதாம் என் சட்டையைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்து என் காலைப் பார்த்தார். சேலை எங்கே என்று பிரெஞ்சில் கேட்டார்.

எனக்கு இருந்த பிரெஞ்சு எல்லாம் அந்த ஆறு வாக்கியத்தோடு தீர்ந்துபோயிருந்தது. கிடைத்த சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். இது என் கணவரின் பேண்ட். கணவர் எங்கே என்றார். "இல் எ லா-பா," என்றேன். அவர் அங்கே இருக்கிறார். "ஸோன் பாந்தலோன் எ இசி." அவர் பேண்ட் இங்கே இருக்கிறது.

அப்படியானால் ஏன் நீங்கள் போட்டிருக்கிறீர்கள் என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். சைக்கிளுக்கு வசதி என்று சொல்லியிருந்தால் போதும், அதற்கு எனக்குச் சொல்லும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் பொய் சொல்ல வாய் வரவில்லை. உண்மையைச் சொல்லப் பிரெஞ்சு வரவில்லை. ரயில் எத்தனை மணிக்கு, தக்காளி என்ன விலை, மழை பெய்கிறதா என்றெல்லாம் எங்கள் பாடப்புத்தகத்தில் இருந்தது. ஒருத்தரைத் தேடுகிறது என்பது எந்தப் பாடத்திலும் இல்லை.

எனவே தமிழில் சொன்னேன். எழுபது நாள்தான் கூட இருந்தோம் என்பதைச் சொன்னேன். சீட்டை இறக்காததைச் சொன்னேன், பத்து நாள் துவைக்காததைக்கூடச் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன். மூக்கைத் துடைக்கப் பையில் கைவிட்டு, பீடத்து விரிப்பு என்று ஞாபகம் வந்து கையை எடுத்துக்கொண்டேன். மதாம் ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. நேரம் முடிந்ததும் பேனாவை மூடினார். கதவு வரை கூடவே வந்து, முதல் முறையாகத் தமிழ் பேசினார்.

"சைக்கிளுக்கு இதாம்மா சரியான உடுப்பு," என்றார். "அடுத்த வாட்டி வரும்போது பிரெஞ்சுல அழுங்க."

ஃபெயில். அடுத்த பரீட்சை ஆறு மாதம் கழித்து.

கோவிலில் நடந்தது தனிக்கதை. அத்தை காலையில் மேசையிலிருந்து எடுத்துப்போன பையை நேரே பீடத்தைக் கவனிக்கும் கோவில்பிள்ளையிடம் கொடுத்திருக்கிறார். அவர் பீடத்துக்கு முன்னால் நின்று பக்தியோடு உதறியபோது பச்சைப் பட்டு விரிந்து, உள்பாவாடை படியில் விழுந்திருக்கிறது. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பாதி மணியில் நிறுத்திவிட்டார்களாம்.

அத்தை என்னை நிற்கவைத்துக் கேட்பார் என்று பயந்துகொண்டே வீட்டுக்குப் போனேன். நைட்டியைத் தேட எனக்குத் தெம்பில்லை, பேண்ட்டோடே உள்ளே போனேன். அவர் விரிப்பை வாங்கி முகர்ந்து பார்த்து, சங்கிலி எண்ணெய் வாடை அடிக்கிறது என்று பதினைந்து நிமிடம் திட்டினார். பரீட்சை ஊற்றிக்கொண்டதைச் சொன்னேன். அதற்குத் திட்டவில்லை. பேண்ட்டைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லையே என்று நானே ஆரம்பித்தேன்.

"ஏழு மாசமா நைட்டிக்குக் கீழ பேண்ட்டு காலு நடந்து வருது, எனக்குக் கண்ணு தெரியாதா?" என்றார். "போட்டுக்க. ஆனா இப்பிடிக் கசங்கலா போடாத. என் புள்ளைக்கி இஸ்திரி போட ஆளில்லன்னு நெனைப்பாங்க."

மறுநாளிலிருந்து அந்தப் பேண்ட் தினமும் மடிப்புக் கலையாமல் என் கட்டிலில் இருந்தது. இடுப்பையும் பிடித்துத் தைத்துவிட்டிருந்தார்.

பெனுவாவுக்கு வீடியோவில் சொன்னபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். போன் அவர் கையில் நிற்கவில்லை, கூரைதான் தெரிந்தது. பிறகு சிரிப்பு நின்றது. கூரை மட்டும் ரொம்ப நேரம் தெரிந்தது. "ஆறு மாசம்தான?" என்று அவர் குரல் கேட்டது. ஆறு மாசம்தான் என்றேன். அவரும் முகத்தைக் காட்டவில்லை, நானும் காட்டச் சொல்லவில்லை.

அடுத்த முறை பஸ் நிறுத்தம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள், சொன்னேன், பாஸ். போனேன், நான்கு வருடம் அங்கே இருந்தோம், அத்தைக்கு முடியாமல் போனதும் திரும்பிவிட்டோம். இன்றைக்கும் வீட்டில் விருந்து என்றால் இந்தக் கதை உண்டு. அத்தை உள்பாவாடையில் ஆரம்பிப்பார். யாராவது பந்திக்கு வராமல் இருந்தால், "அவர் அங்க இருக்காரு, பாந்தலோன் இங்க இருக்கு," என்று மச்சினர்கள் கத்துவார்கள். நானும் சேர்ந்துதான் சிரிப்பேன். என் பங்குக்கு இருமிய சாமியாரைச் சேர்ப்பேன். அந்த ஆறு மாதத்தை மட்டும் யாரும் சொல்வதில்லை. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

போன மாதம் ஒரு ஞானஸ்நான விருந்து முடிந்து எல்லோரும் போன பிறகு, அந்த ஆறு மாதம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று பெனுவாவைக் கேட்டேன். இத்தனை வருடத்தில் கேட்டதே இல்லை. பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார். நான் பாஸாகிவிடுவேன் என்று நம்பி, பரீட்சைக்கு முந்தின வாரமே எனக்கு ஒரு சைக்கிள் வாங்கி வைத்திருந்தாராம், பார் இல்லாதது. அது அவர் அறை வாசலில் நின்றதாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதற்குக் காற்று அடிப்பாராம்.

யாரும் ஓட்டாத சைக்கிளுக்கு எதற்குக் காற்று என்றேன்.

"ஓட்டலன்னாலும் எறங்கிடுது கிளாரா," என்றார். "வாரத்துக்கு ஒரு வாட்டி அடிச்சாதான் நிக்குது."