வாசக்கால் மாஸ்டரின் பதினெட்டு பாயிண்ட்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். வைத்திக்குப்பத்துக் கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. கடல் அரிப்பு பற்றிய செய்திக்காகப் போயிருந்த என் கண்ணில் முதலில் பட்டது அரிப்பு அல்ல, ஒரு குள்ளமான மனிதர். டிராக் பேண்ட், கழுத்தில் விசில், தோளில் துண்டு. அத்தனை பேரும் குனிந்து மீனைப் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் அவர் ஒருவர் மட்டும் அண்ணாந்து தலைகளைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

ஐஸ் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த ஓர் இளைஞனுக்கு முன்னால் நின்றார்.

"தம்பி, உங்கம்மா எவ்ளோ ஒசரம்?"

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். "எங்கம்மா ஒசரம் உனக்கு இன்னாத்துக்குய்யா?"

"அப்பா ஒசரம் வாணாம். அம்மா மட்டும் சொல்லு போதும்."

அடி விழுந்திருக்க வேண்டிய இடம் அது. விழாததற்குக் காரணம், அந்த அம்மாவே மீன் கூடையோடு வந்து சேர்ந்ததுதான். ஐந்தடி பத்தங்குலம் இருப்பார். மாஸ்டர் அவரைக் கோபுரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார்.

புதுச்சேரியில் ஆறடிக்கு மேல் வளர்ந்த எந்த ஆணும் வாசக்கால் மாஸ்டர் கண்ணில் படாமல் தப்பியதில்லை. ஊருக்கு மேற்கே ஒரு சிறிய கலைக் கல்லூரியில் அவர் உடற்கல்வி இயக்குநர். உயரம் ஐந்தடி நாலங்குலம். கூடைப்பந்து ஆடியவரும் அல்ல, ஹாக்கியில் கோல் கீப்பர். ஆனால் கல்லூரியில் கூடைப்பந்து அணி என்று ஒன்று இருந்தது, அதற்கு ஆள் பிடிப்பது அவர் வேலை. கல்யாண மண்டபத்துக்குப் போனால் சாப்பாட்டுப் பந்தி பக்கம் போக மாட்டார். வாசலில் நிற்பார். வாசக்கால் இடிக்காமல் இருக்க யாராவது தலையைக் குனிந்து நுழைந்தால், மணமக்களை விட்டுவிட்டு அவன் பின்னாலேயே போவார். பெயர் அப்படித்தான் வந்தது.

நேரு வீதியில் ஒரு செருப்புக்கடை. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த அதன் முதலாளியை ஊரே முசே, அதாவது பிரெஞ்சில் 'ஐயா', என்றுதான் கூப்பிடும். அவருக்கும் மாஸ்டருக்கும் ஓர் ஒப்பந்தம். பன்னிரண்டாம் நம்பரிலோ அதற்கு மேலோ செருப்போ ஷூவோ விற்றால் உடனே தகவல் சொல்ல வேண்டும். ஒருநாள் போன் வந்தது. "மாஸ்டர், பன்னண்டு ஒண்ணு இப்பதான் போச்சு. உப்பளம் ஏரியா ஆளு." மாஸ்டர் நடத்திக்கொண்டிருந்த யோகா வகுப்பை சவாசனத்தில் படுக்கவைத்துவிட்டு ஸ்கூட்டரில் பறந்தார். அந்த வீட்டில் கதவைத் திறந்தவர் ஆறடி மூன்றங்குலம். வயது அறுபத்தொன்று. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனில் வாழும் சொல்தா.

மாஸ்டர் அசரவில்லை. "பேரப்புள்ளைங்க இருக்காங்களா முசே?"

"ஒருத்தன் இருக்கான். பிரான்ஸ்ல, மர்செய்ல."

"லீவுக்கு வருவானா?"

"மூணு வயசுப்பா அவனுக்கு."

மாஸ்டர் பாக்கெட் நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆட்டம் தெரிந்த பையன்கள் பிளஸ் டூ முடிக்கும் முன்பே சென்னையின் பெரிய தனியார் பல்கலைக்கழகங்களுக்குப் பேசி முடிக்கப்பட்டு விடுகிறார்கள். இலவச சீட், ஏசி விடுதி, வருஷத்துக்கு இரண்டு ஜோடி ஷூ. மிச்சம் இருப்பவர்களைத்தான் சின்னக் கல்லூரி எடுக்கும். அதிலும் எவனாவது தேறினால், முதல் வருஷ முடிவில் அவனுக்கு ஒரு போன் வரும். "டிசி வாங்கிட்டு வந்துடு, செகண்ட் இயர்ல இங்க சேத்துக்கறோம்." விளையாட்டு சீசன் முடிந்த வாரத்தில் கல்லூரி அலுவலகத்தில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் உயரமானவர்களாக இருப்பார்கள். மூன்று வருஷத்தில் ஏழு பேரை அப்படி அனுப்பியிருந்தார் மாஸ்டர். ஏழு பேருக்கும் பந்தைத் தட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான்.

அதனால்தான் அவர் விளையாட்டு மைதானங்களை விட்டுவிட்டு மீன் ஏலத்துக்கு வந்தார். பந்தையே தொடாதவனை எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் தெரியாது.

ஐஸ் பெட்டி இறக்கிய பையன் பெயர் தினேஷ். ஆறடி ஐந்தங்குலம். பிளஸ் டூ முடித்து ஒரு வருஷம் சும்மா இருந்தான். அம்மா தனம், மீன் விற்பவர். அன்று கரையிலேயே பேச்சு நடந்தது. அதில் பையனிடம் மாஸ்டர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் எப்போதும் அம்மாவைத்தான் பிடிப்பார்.

"என்னாத்த சார் குடுப்பீங்க?" என்றார் தனம்.

"பீஸ் கெடையாது. காலைல ரெண்டு முட்டை."

"சென்னையில ஏசி ரூம்பு தராங்களாமே. பக்கத்து வூட்டுப் பையன் சொன்னான்."

"தருவாங்க. அவங்க ஏசி தருவாங்க. நான் உங்க புள்ளைய ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்குத் திருப்பித் தருவேன்."

தனம் யோசித்தார். "ஆடுனா போலீசு வேல கெடைக்குமா?"

"ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கும்மா. நல்லா ஆடுனா கெடைக்கும்."

அந்த ஒரு பதிலுக்காக தினேஷ் கல்லூரியில் சேர்ந்தான்.

முதல் வருஷம் பந்து அவன் முகத்தில்தான் அதிகம் பட்டது. இரண்டாம் வருஷம் அவனைத் தடுக்க ஊரில் ஆளில்லை. அப்போதிருந்து மாஸ்டருக்கு வேலை கற்றுக்கொடுப்பது அல்ல, ஒளித்து வைப்பது. ஸ்கோர் ஷீட்டில் அவன் உயரம் ஆறடி ஓர் அங்குலம். அணியின் குரூப் போட்டோவில் குட்டையானவர்கள் நிற்பார்கள், தினேஷ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பான். வெளியூர் ஆள் யாராவது மைதானத்துக்குள் வந்தால் மாஸ்டர் ஒரு விசில் ஊதுவார். நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. உயரமானவர்கள் எல்லாரும் முழங்காலை மடக்கி நடக்க வேண்டும் என்று அர்த்தம். ரீல்ஸ் போட்டால் அணியிலிருந்து நீக்கம். சென்னை அணி ஒன்று நட்பு ஆட்டத்துக்கு வந்தபோது தினேஷுக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லிவிட்டார். கேன்டீன் அம்மா அதை நம்பி அவனுக்கு ஒரு வாரம் உப்பில்லாத மோர்சாதம் போட்டார். அவன் அதையும் சாப்பிட்டான்.

எல்லாவற்றுக்கும் மேல் பதினெட்டு பாயிண்ட் விதி. தினேஷ் ஓர் ஆட்டத்தில் பதினெட்டு பாயிண்ட் போட்டதும் மாஸ்டர் அவனை வெளியே எடுத்து பெஞ்சில் உட்காரவைத்துவிடுவார். தோற்றாலும் சரி.

சாரம் பகுதியில் ஒரு டீக்கடையில் காரணம் சொன்னார். "இருவது அடிச்சா பேப்பர்ல வரும். பேப்பர்ல வந்தா போன் வரும். போன் வந்தா பஸ் ஏறிடுவான். பதினெட்டுன்னா எவனும் பாக்க மாட்டான் சார்."

"நான் பாக்கறேனே."

"நீங்க நம்ம ஆளு."

நானும் அப்படித்தான் நடந்துகொண்டேன். 'அணியினரின் ஒட்டுமொத்த ஆட்டம் வெற்றிக்கு வழிவகுத்தது' என்ற வாக்கியத்தை அந்த ஒரு சீசனில் ஏழு முறை எழுதியிருக்கிறேன். யார் ஆடியது என்று ஒருமுறைகூட எழுதவில்லை. ஆசிரியரும் கேட்கவில்லை. உள்ளூர் கூடைப்பந்துக்கு எட்டு வரிக்கு மேல் இடமில்லை.

கேட்டவர் தனம். ஒரு மதியம் மீன் விற்று முடித்த கையோடு பத்திரிகை அலுவலகத்துக்கு வந்தார். கையில் பிளாஸ்டிக் ஃபைல். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரிடமும் அப்படி ஒரு ஃபைல் இருக்கும். சான்றிதழ்கள், பேப்பர் கட்டிங், லேமினேஷன் செய்த போட்டோக்கள். தனம் கொண்டுவந்த ஃபைலில் பதினாறு உறைகள் இருந்தன. எல்லாமே காலி.

"சார், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எம்புள்ள நல்லா ஆடறானா, இல்லியா?"

"நல்லா ஆடறான்மா."

"அப்புறம் ஏன் பேப்பர்ல வர்ல? பக்கத்து வூட்டுப் பையன் ஃபைலு இந்தத் தண்டி இருக்குது. ஆடலன்னா சொல்லிடுங்க சார், நான் ஐசு பொட்டிக்கே இட்டுக்கினு போயிடறேன். ரெண்டு வருசம் போச்சு."

அந்தச் சனிக்கிழமை கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டம். தாளாளர் மாஸ்டரிடம் சொல்லியிருந்தார், கோப்பை வரவில்லையென்றால் கூடைப்பந்துக்கான ஆறு இலவச சீட்டும் பேட்மிண்டனுக்குப் போய்விடும் என்று. முட்டிவலிக்காக டாக்டர் தாளாளரைப் பேட்மிண்டன் ஆடச் சொல்லியிருந்தார். அப்போதிருந்து அவருக்கு அந்த விளையாட்டின்மேல் அக்கறை வந்துவிட்டது.

உப்பளம் மைதானத்தில் நடந்த அந்த ஆட்டத்தில் தினேஷ் பதினெட்டாவது பாயிண்டைப் போட்டபோது பதினொரு நிமிடம் மீதம் இருந்தது. மாஸ்டரின் அணி நாலு பாயிண்ட் பின்தங்கியிருந்தது. மாஸ்டர் எழுந்தார். கையை உயர்த்தி அவனை வெளியே கூப்பிட வேண்டும். உயர்த்தவில்லை. உட்கார்ந்தார், தோளில் இருந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டு முகத்தை மூடிக்கொண்டார். கடைசி விசில் வரை துண்டை எடுக்கவில்லை. அணி ஜெயித்தது. தினேஷ் முப்பத்துநாலு.

நான் எழுதினேன். பெயர், பாயிண்ட், ஆறடி ஐந்தங்குலம், அவன் ரிங்குக்கு மேல் கை வைத்திருக்கும் ஒரு போட்டோ. மொத்தம் பன்னிரண்டு வரி.

மறுநாள் காலை ஆறு பத்துக்கு போன் வந்தது.

"முடிச்சிட்டீங்க சார்," என்றார் மாஸ்டர்.

"உண்மையத்தானே போட்டேன்."

"அதத்தான் சொல்றேன்."

நாலாம் நாள் வைத்திக்குப்பத்துக்கு சென்னைப் பல்கலைக்கழகம் ஒன்றின் வெள்ளைக் கார் வந்தது. வந்தவர்கள் பதின்மூன்றாம் நம்பர் ஷூ கொண்டுவந்திருந்தார்கள். அளவு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை. செருப்புக்கடை முசே அதற்குப் பிறகு மாஸ்டர் கண்ணில் படாமல் கடையின் பின்வாசல் வழியாகப் போய்வந்தார்.

கார் போன மறுநாள் மாஸ்டர் என் அலுவலக வாசலில் ஸ்கூட்டரோடு நின்றார். "நீங்களும் வாங்க. எழுதுன கையோட வந்து பாருங்க." போனோம். தனம் கூடை கழுவிக்கொண்டிருந்தார். நாற்காலி போட்டார். மாஸ்டர் உட்காரவில்லை.

"அங்க ஏற்கெனவே ஆறடி ஆறு இருக்கறவன் நாலு பேரு இருக்கான்மா. இவன பெஞ்சுல உக்கார வெச்சிடுவாங்க."

"நீங்களும்தான் பெஞ்சுல உக்கார வெச்சீங்களாம். இவன் சொல்லிட்டான்."

மாஸ்டர் தினேஷைப் பார்த்தார். அவன் சுவரைப் பார்த்தான்.

"அது ஒரு கணக்குக்கும்மா. இவனக் காப்பாத்தறதுக்கு."

"யார்கிட்டேருந்து சார்?" தனம் குரலை உயர்த்தவில்லை. "நல்லது பண்றவங்ககிட்டேருந்தா? மீன ஐசுல வெச்சா மூணு நாளு தாங்கும். அதுக்கு மேல வெச்சா அத மீனுன்னு சொல்லி விக்க முடியாது. எம்புள்ளைய எத்தினி நாளு வெக்கலாம்னு இருந்தீங்க?"

பதினைந்து வருஷம் அம்மாக்களிடம் மட்டுமே பேசி ஜெயித்தவர் அவர். அன்று செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஸ்கூட்டரில் என்னை ஏற்றவில்லை. வைத்திக்குப்பத்திலிருந்து அலுவலகத்துக்கு நடந்தே வந்தேன்.

மாற்றுச் சான்றிதழ் படிவத்தில் கடைசிக் கையெழுத்து உடற்கல்வித் துறையுடையது. மூன்று நாள் மாஸ்டர் தினேஷிடமிருந்து ஓடினார். ஆளைத் தேடி அலைந்தே வாழ்ந்த மனிதர், ஆறடி ஐந்தங்குலம் படிவத்தோடு வராந்தாவில் வருவதைத் தூரத்திலேயே பார்த்து நூலகத்துக்குள் நுழைவார், அங்கிருந்து வேதியியல் ஆய்வகம், அங்கிருந்து கேன்டீன் சமையல்கட்டு. மூன்றாம் நாள் மாலை வெங்காய மூட்டைக்குப் பின்னால் பிடிபட்டார். கேன்டீன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். உட்கார்ந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டாராம். "எடது கைல போடறத விட்டுடாத. அங்க சொல்லித்தர மாட்டானுங்க," என்றாராம். தினேஷ் அவர் காலைத் தொட்டபோது, "எழுந்திரு, தல இடிக்கும்," என்றாராம்.

அடுத்த வருஷம் மாஸ்டரின் கல்லூரி முதல் சுற்றிலேயே தோற்றது. ஆறு சீட்டும் பேட்மிண்டனுக்குப் போயின. மாஸ்டர் என்னிடம் பேசுவதை நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் எழுதியதில் தப்பில்லை என்று எனக்கு நானே அந்த எட்டு மாதமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பில்லைதான்.

போன மாதம் வேறொரு வேலையாகச் சென்னை போயிருந்தேன். தினேஷின் பல்கலைக்கழக அணிக்கு அன்று ஆட்டம். கேலரிக்குள் நுழைந்தபோது மூன்றாவது வரிசையில் மாஸ்டர். என்னைப் பார்த்தார். பக்கத்து இருக்கையில் போட்டிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். போய் உட்கார்ந்தேன்.

"எங்க இந்தப் பக்கம்?" என்றேன்.

"இங்க ஒரு ஸ்கூல் பையன் இருக்கானாம். பாக்கலாம்னு."

அது பொய். அவருக்கு இனி ஆள் பிடிக்க சீட் கிடையாது. பின்வரிசையில் இருந்த ஒரு காவலாளி அவருக்கு வணக்கம் சொன்ன விதத்திலிருந்து, இது முதல் தடவை இல்லை என்று தெரிந்தது.

தினேஷ் பெஞ்சில் கடைசி ஆள். சட்டைக்கு மேல் ஜாக்கெட் போட்டிருந்தான். முதல் பாதி முழுக்கத் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தான். அணி இருபத்தாறு பாயிண்ட் முன்னால் போன பிறகு, கடைசி நாலு நிமிடத்துக்கு அவனை இறக்கினார்கள். மாஸ்டர் எழுந்து நின்றார். பின்னால் இருந்தவர் மறைக்கிறது என்று சொல்லவில்லை. அவர் நின்றாலும் யாருக்கும் மறைக்காது. தினேஷ் ஒரு பந்தை இடது கையால் போட்டான். மாஸ்டர் கை தட்டவில்லை. என் முழங்கையைப் பிடித்திருந்தார், ஆட்டம் முடியும்வரை விடவில்லை.

"கீழ போய் ஒரு வார்த்த பேசிட்டு வாங்களேன்," என்றேன்.

"வாணாம். நான் வரேன்னு தெரிஞ்சா, என்னப் பாத்துக்கினே தப்பா போடுவான்."

நாலரை மணிக்குப் புதுச்சேரி பஸ்ஸில் ஏறினோம். கூட்டம். மரக்காணம் வரை இருவரும் நின்றுகொண்டே வந்தோம்.