முப்பத்திரண்டு டிகிரி

வீட்டுக்காரம்மா அம்மணி கையில் துடைப்பத்தோடு அரிசி மூட்டையின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய சமையலறைத் தரையில் விக்டர் குப்புறப் படுத்து, அம்மிக்குப் பின்னால் பதுங்கியிருந்த மகாராணியைக் கொஞ்சிக் கொஞ்சிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மகாராணி ஒரு பல்லி. சுவரில் ஓடுகிற ரகம் இல்லை. ஒரு சாண் நீளம், மஞ்சள் உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. சிறுத்தைப் பல்லி என்று பெயர். ராஜஸ்தானில் பட்டாளத்தில் இருந்த மைத்துனன் அடைக்கலராஜ் லீவில் வந்தபோது, ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடியை பிஸ்கட் டின்னில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். திருச்சியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்த விக்டர் அன்றிலிருந்து யாருக்கும் பிடிபடவில்லை. கரப்பான் பிடித்தார். மரப்பெட்டி செய்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஈர மணலைப் போட்டு, முட்டைகளைப் புதைத்து, தெர்மாமீட்டரைச் செருகி, மணிக்கொரு தரம் நோட்டில் எழுதினார். எழுதியதை மனைவி செல்வமேரிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து உரக்க விளக்கினார். அவள் ஒருநாளும் காதில் வாங்கியதில்லை.

இந்தப் பல்லிகளால் ஏற்கெனவே இரண்டு வீடு போயிருந்தது. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் இருந்த இந்தப் பின்கட்டு மூன்றாவது. இதுவும் போனால் தொட்டியத்தில் அம்மா வீட்டுக்கே போய்விடுவதாகச் செல்வமேரி சொல்லியிருந்தாள். அவள் சொன்னால் செய்கிறவள்.

விக்டருக்கு ஒன்றுதான் புரியவில்லை. இந்த இனத்துக்குச் சுவர் ஏறத் தெரியாது. பெட்டிக்கு மூடி உண்டு, மூடியின் மேல் ஒரு செங்கலும் உண்டு. காலையில் பார்த்தால் செங்கல் தரையில் கிடந்தது. மகாராணி வீட்டுக்காரம்மாவின் அடுப்படியில் இருந்தாள்.

ஒருவழியாக அவளைக் கைக்குட்டையில் சுருட்டிக்கொண்டு எழுந்தார். அம்மணி மூட்டையிலிருந்து இறங்கவில்லை.

"இந்த வாரத்துக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடுங்க சார். மாசமா இருக்கறவ நடமாடற வீடு இது."

மாசமாக இருந்தது அவள் மருமகள் கமலவல்லி. மூன்று மாதம். பங்குனி வெயிலில், விறகடுப்புக்கு முன்னால் நின்று குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

"இதுல ஆண் எது, பெண் எதுன்னு எப்படி சார் ஆகுது?"

விக்டரை யாரும் கேள்வி கேட்டதில்லை. கல்லூரியில் கேள்வியெல்லாம் புரொபசருக்குத்தான் போகும். இவர் தவளையைப் பலகையில் குத்தி வைப்பதோடு சரி. அதனால் கேள்வியைக் கேட்டதும் வீட்டைக் காலி பண்ணச் சொன்னதை மறந்தே போனார். முட்டையிடும்போது அது ஆணுமில்லை பெண்ணுமில்லை, முட்டை இருக்கிற இடத்தின் சூடுதான் அதை முடிவு செய்கிறது, இருபத்தெட்டு டிகிரியில் வைத்தால் பெண், முப்பத்திரண்டில் வைத்தால் பெரும்பாலும் ஆண் என்று கைக்குட்டை மூட்டையை ஆட்டி ஆட்டி விளக்கினார்.

துடைப்பம் மெல்லக் கீழே இறங்கியது.

"சூடு குடுத்தா ஆம்பளையா?" என்றாள் அம்மணி.

"ஆமாங்க."

"நீங்களே செஞ்சு பாத்திருக்கீங்களா?"

"போன தடவை ரெண்டும் ஆண்தாங்க."

அம்மணிக்கு மூன்று மகள்கள். அவர்கள் மூலம் ஏழு பேத்திகள். அவள் அரிசி மூட்டையிலிருந்து இறங்கி, சாருக்குக் காபி போடச் சொன்னாள்.

வீடு தப்பியது என்று விக்டர் சந்தோஷமாகக் காபி குடித்தார். அந்தக் காபிக்கு என்ன விலை என்பது மறுநாள்தான் தெரிந்தது. கமலவல்லி விடிந்ததிலிருந்து அடுப்படியை விட்டு நகரக் கூடாது என்று உத்தரவாகியிருந்தது. மோர் கிடையாது, இளநீர் கிடையாது. மிளகு ரசமும் எள்ளுருண்டையும்தான். ஜன்னலைக்கூடச் சாத்தி வைத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் செல்வமேரி அதைப் பார்த்துவிட்டு வந்து கணவனை ஒரு பிடி பிடித்தாள்.

"அந்தப் பிள்ளைய உயிரோட அவிச்சிட்டிருக்காங்க. போய் உண்மையச் சொல்லுங்க. வீடு போனா போகுது."

விக்டருக்கு வெட்கமாக இருந்தது. போய்ச் சொன்னார். மனுஷர்களுக்கு அந்தக் கணக்குக் கிடையாது, அதெல்லாம் முதல் நாளே முடிந்துபோகிற காரியம் என்று கரும்பலகை இல்லாத குறையாக விளக்கினார். அம்மணி முழுவதும் கேட்டாள். தொழில் ரகசியத்தை யார்தான் சும்மா சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பின்கட்டுக்கு ஒரு பூவன் வாழைத்தார் அனுப்பச் சொன்னாள்.

அவர் திரும்பும்போது அடுப்படியிலிருந்து கமலவல்லியின் குரல் மட்டும் வந்தது.

"சூடு ரொம்ப மிஞ்சிட்டா என்ன சார் ஆகும்?"

மறுபடியும் கேள்வி. விக்டர் நின்றுவிட்டார். அவர் நோட்டிலேயே பதில் இருந்தது. போன கோடையில் ஒரு பாட்டிலை மறதியாக மொட்டைமாடியில் வைத்துவிட்டார், முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது, பொரிந்தவை இரண்டும் பெண். அதை அப்படியே சொன்னார்.

அம்மணியின் முகம் வெளிறியது. உடனே தெர்மாமீட்டரைக் கொண்டுவரச் சொன்னாள். அடுப்படியில் நாற்பத்தொன்று காட்டியது.

"ஐயையோ, மூணு நாளா பொண்ணாக்கிட்டிருந்தேனே" என்று நெஞ்சில் கை வைத்தாள்.

அந்த நிமிஷத்திலிருந்து கமலவல்லி அடுப்படிப் பக்கம் போகவில்லை. சமையலை அம்மணியே பார்த்துக்கொண்டாள். அவள் மகன் அழகிரி மலைக்கோட்டைக்குக் கீழே பாத்திரக்கடை வைத்திருந்தான். கடை திறப்பதும் அம்மா சொன்னதைக் கேட்பதும் தவிர வேறு பழக்கம் இல்லாதவன். இரண்டு தீபாவளியாக அடுத்த தீபாவளிக்கு, அடுத்த தீபாவளிக்கு என்று தள்ளிக்கொண்டே வந்த ஃபேனை அவன் ஒரே மத்தியானத்தில் வாங்கிவந்து மாட்டினான். அப்படியும் கூடத்தில் முப்பத்தாறுக்குக் கீழே இறங்கவில்லை. அம்மணி தெர்மாமீட்டரைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க அலைந்தாள். மாமர நிழலில் தடித்த சுவரோடு இருந்த ஒரே ஓர் அறையில் முப்பத்திரண்டு காட்டியது. அது விக்டர் பல்லி வளர்த்த அறை.

விக்டரும் செல்வமேரியும் பல்லிப்பெட்டிகளும் முன்புறச் சார்ப்புக்குப் போனார்கள். அறையில் கமலவல்லி வந்து படுத்தாள். ஃபேனையும் அங்கே மாற்றி, வெட்டிவேர்த் தட்டி கட்டி, நேரத்துக்குத் தண்ணீர் தெளித்தார்கள். மகாராணி புதிதாக இட்டிருந்த இரண்டு முட்டைகள் இருந்த பாட்டிலை மட்டும் அம்மணி வெளியே விடவில்லை. மருமகளுக்குத் துணையாக இருக்கட்டும், இது என்னவாகப் பொரிகிறதோ அதுதான் வயிற்றிலும் என்று முடிவு கட்டிவிட்டாள். காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒன்றாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து வந்து ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் என்று விக்டர்தான் டிகிரி பார்த்துச் சொல்ல வேண்டும். பஸ் தாமதமானால் அம்மணி வாசலில் நிற்பாள்.

அக்கினி நட்சத்திரத்தில் ஒருநாள், கமலவல்லி நுங்கைத் தோண்டிக்கொண்டே கேட்டாள்.

"கோபப்பட்டுக் கத்தினா பக்கத்துல இருக்கறவங்களுக்கு உடம்புச் சூடு ஏறுமா சார்?"

"திட்டு வாங்கறவங்களுக்குக் கொஞ்சம் ஏறத்தான் செய்யும்" என்றார் விக்டர். பொய் சொல்ல அவருக்கு வராது.

அதற்குப் பிறகு அம்மணியின் சத்தம் அந்த ரோட்டில் கேட்கவில்லை. பால் பொங்கி வழிந்தாலும், "இருக்கட்டும்மா" என்றாள். அழகிரி பயந்துபோய் அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று விக்டரிடம் தனியாக விசாரித்தான்.

விஷயம் வெளியே பரவாமலா இருக்கும். எதிர்வீட்டு ரெங்கம்மாள் ஒரு சொம்புப் பாலோடு வந்தாள். தன் பசு சினையாக இருக்கிறது, போன தடவையும் காளைக்கன்று போட்டுவிட்டது, கிடேரி வேண்டுமானால் தொழுவத்தில் எத்தனை டிகிரி வைக்க வேண்டும் என்று கேட்டாள். விக்டர் மாட்டுக்கு அப்படிக் கிடையாது என்றார். பணக்கார வீட்டுக்குத்தான் சொல்வார் போலிருக்கிறது என்று அவள் சொம்போடு திரும்பிப் போனாள்.

வைகாசியில் முட்டை இரண்டும் பொரிந்தன. கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட குஞ்சுகள். விக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மணிக்கும் கலங்கியது, வேறு காரணத்துக்காக. ஆணா பெண்ணா என்று பார்க்கச் சில மாதமாவது ஆகும் என்றதும் அவள் தினமும் காலையில் வந்து அவற்றைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனாள். ஆவணியில் தெரிந்துவிட்டது. விக்டர் மழுப்பத்தான் பார்த்தார். அம்மணி விடவில்லை.

"வேளாங்கண்ணி மாதா மேல ஆணையா சொல்லுங்க சார்."

"ரெண்டும் ஆண்தாங்க" என்றார் விக்டர், தூக்குமேடையில் நிற்பவர் மாதிரி.

அன்றே பேரனுக்கு வெள்ளி அரைஞாண் வாங்கியாயிற்று.

புரட்டாசி இரண்டாவது வாரத்தில் கமலவல்லிக்குப் பிரசவமானது. பெண் குழந்தை. அழகிரி வந்து சொல்லிவிட்டுப் போனதும் செல்வமேரி பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தாள். விக்டர் மகாராணியின் பெட்டிக்குக் கயிறு கட்டினார். வீடு போவதுகூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பெண்ணை என்ன பாடு படுத்தப்போகிறார்களோ என்பதுதான் கவலை. எல்லாம் தன் வாயால் வந்தது. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கிக்கொண்டு, திட்டு வாங்கத் தயாராக ஆஸ்பத்திரிக்குப் போனார்.

வார்டு வாசலில் அம்மணி பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குழந்தையின் இடுப்பில் வெள்ளி அரைஞாண் தொளதொளவென்று கிடந்தது.

"உங்க கணக்குல தப்பில்ல சார்" என்றாள் அவரைப் பார்த்ததும். "ஆடி மாசம் மூணு நாள் கரண்டு இல்லாம ஃபேன் நின்னுபோச்சே, அதுல கெட்டிருக்கு. கமலாதான் யோசிச்சு எடுத்துச் சொன்னா. அடுத்த தடவை ஏமாறக் கூடாது. வீட்டைக் கீட்டைக் காலி பண்ணிடாதீங்க."

குழந்தையை மருமகள் பக்கத்தில் கிடத்திவிட்டு, வெந்நீர் வாங்கிவரப் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனாள்.

விக்டர் கட்டிலருகே நின்றார். கமலவல்லி களைத்திருந்தாள். ஆனால் குழந்தையைப் பார்த்த பார்வையில் குறை ஒன்றும் இல்லை. இதுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவள் மாதிரி இருந்தாள். விக்டர் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டிலோரம் வைத்தார்.

"மன்னிச்சுக்கம்மா. ஆறு மாசமா உன்னை இந்தப் பாடு படுத்தியாச்சு. அன்னிக்கு அந்தச் செங்கல் மட்டும் மூடி மேலேருந்து விழாம இருந்திருந்தா, இது எதுவுமே நடந்திருக்காது."

கமலவல்லி வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அது விழல சார், எடுத்து வெச்சது நான்தான். நானும் பி.எஸ்ஸி. ஸுவாலஜிதான், நீங்க ஜன்னலோரம் பேசினதையெல்லாம் கேட்டுட்டுதான் மகாராணியைத் தூக்கிட்டுப் போய் அடுப்படியில விட்டேன். அடுத்த தடவைக்கு ஒரு ஃப்ரிட்ஜ் வேணும், எத்தனை டிகிரின்னு மட்டும் நீங்க யோசிச்சு வைங்க."