கவிழ்த்துப் போட்ட பார்சல்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முழங்காலும் ஒருவாறு சுகம். அங்கே நீங்களும் என் மகளும் சண்டை போடாமல் இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. திங்கட்கிழமை எங்கள் பார்சல் கிடங்குக்கு எந்திரம் ரிப்பேர் பார்க்க நீங்கள்தான் வரப்போவதாக சூப்பர்வைசர் சொன்னார். அதுக்கு முன்னாடி ஒரு விஷயத்தை உங்க காதுல போட்டுடறேன்.

நீங்க மாட்டிட்டுப் போன எந்திரத்தை நான் குறை சொல்லலை. பெல்ட் ஓடுது, மேலே இருக்கிற கேமரா லேபிளைப் படிக்குது, ஒரு கை வந்து அந்தந்த ஊர்ச் சரிவுல பார்சலைத் தள்ளி விடுது. படிக்க முடியாதது மட்டும் கடைசியில என் மேசைக்கு வரும். நான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு விலாசம் பார்த்துப் பிரிப்பேன். அந்தக் கண்ணாடிகூட உங்க மாமியாரோடது, என்னுதுமேல அவ உட்கார்ந்துட்டா, அந்தக் கதையை நேர்ல சொல்றேன். என்ன சொல்ல வந்தேன்? ஆங், மேசை. முதல் வாரம் பூரா ஒரு பார்சல்கூட வரலை மாப்பிள்ளை. நாற்காலிதான் தேஞ்சுது.

சூப்பர்வைசர் வந்து, "பெரியவரே, எந்திரமே எல்லாத்தையும் படிச்சிடுது. இந்த மாசத்தோட மேசையை எடுத்துடறோம்"னார்.

"அப்புறம் நான் எங்க உட்கார?"

"வீட்லதான்."

வீட்ல உங்க மாமியார் இருக்கா. உங்களுக்குத் தெரியாததா?

அதனால மறுநாள் பெல்ட் பக்கமாப் போறப்ப நாலு பார்சலைக் குப்புறப் போட்டேன். லேபிள் கீழே போச்சா, கேமரா திருதிருன்னு முழிச்சுது. நாலும் நேரா என்கிட்ட வந்துச்சு. அடுத்த நாள் நாப்பது. கை சும்மா இருக்குமா? நேத்து முந்நூறு. "இந்த மனுஷன் இல்லேன்னா மானம் போயிருக்கும்"னு சூப்பர்வைசர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்துட்டு, எந்திரத்துக்குக் கண்ணு போயிடுச்சுன்னு உங்க கம்பெனிக்கு போன் போட்டுட்டார்.

மாப்பிள்ளை, வாங்க, நல்லாக் கழட்டிப் பாருங்க, எண்ணெய் விடுங்க, உதட்டைப் பிதுக்குங்க. கண்டுபிடிச்சு மட்டும் தொலைச்சிடாதீங்க. பொண்ணு கேட்டு வந்தப்ப நான் உங்களை ஒரு கேள்வி கேட்டேனா?

மகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
மேசையை விட மனமில்லாத மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போறப்ப சூப்பர்வைசர் வந்தார். நீங்க வர வேண்டாமாம். எந்திரம் உதவாதுன்னு கழட்டித் திருப்பி அனுப்பறாங்களாம், "மாட்டினவனையும் வேலையைவிட்டுத் தூக்கச் சொல்லியாச்சு"ன்னார். இனிமே எல்லாம் கையாலதான், நான்தான் தலைமை. நீங்க சங்கடப்படாதீங்க. என் பக்கத்துல ரெண்டாவது மேசை போடறாங்க, உங்களைத்தான் சொல்லி வெச்சிருக்கேன். வர்றப்ப ஒரு கண்ணாடி எடுத்துட்டு வாங்க, உங்க மாமியார் அவளோடதைத் திருப்பிக் கேக்கறா.