லாரியில் வந்த குளிர்காலம்

செனாவாங்,
புதன்கிழமை

வயதிலும் பொறுமையிலும் எனக்கு மூத்தவரான மச்சான் வீரமுத்து அவர்களுக்கு, உங்கள் தங்கை திலகாவின் கணவன் ஹேமநாதன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் திலகாவும் சுகம். உங்கள் முட்டிவலியும் உங்கள் வீட்டுப் பாஞ்சாலை அக்காவின் சர்க்கரையும் அடங்கியிருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். எங்கள் மகள் புனிதாவும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போன் இருக்கும்போது இவன் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். என் போனை வாங்கித் தந்து அதில் எல்லாவற்றையும் பூட்டித் திறக்கிறவளே புனிதாதான். வாட்ஸ்அப்பில் அவளைப் பற்றி ஒரு வரி எழுதினால் எனக்கு முன்னால் அவள் படித்துவிடுவாள்.

விஷயம் இதுதான். வருகிற ஜனவரி மாதம் புனிதா கொரியாவுக்குப் போகிறாளாம். சுற்றிப் பார்க்க என்றால் நான் ஏன் உங்களைத் தொந்தரவு செய்கிறேன்? அங்கே ஏரியெல்லாம் உறைந்து பாறை மாதிரி கிடக்குமாம். அதில் ரம்பத்தால் ஓட்டை போட்டு, அந்த ஓட்டை வழியாகத் தண்ணீருக்குள் இறங்கி, ஐஸுக்கு அடியில் நீந்திவிட்டு வரப்போகிறார்களாம். இங்கே செனாவாங்கில் ஷிப்டு வேலை செய்கிற பிள்ளைகள் சேர்ந்து ஒரு முக்குளிப்பு கிளப் வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். இத்தனை நாள் போர்ட்டிக்சன் கடலில்தான் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தண்ணீரில் தன் கையே தனக்குத் தெரியாது, இவள் எந்த மீனைப் பார்த்தாளோ, நானும் பேசாமல் இருந்தேன். இப்போது மீனே ஒளிந்துகொள்கிற குளிரில் இறங்குவேன் என்கிறாள். திலகாவிடம் முறையிட்டால், "அவ சம்பாதிக்கிறா, அவ போறா. உங்களுக்கு என்னலா?" என்று என்னையே கேட்கிறாள். மச்சான், நீங்கள் தாய்மாமன். உங்கள் மடியில் உட்கார்ந்துதான் அவள் காது குத்திக்கொண்டாள். நான் சொன்னால் சிரிப்பாள், நீங்கள் சொன்னால் கேட்பாள். ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நேரில் வந்து, "போகக் கூடாது" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

நான் ஏன் இவ்வளவு பயப்படுகிறேன் என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால் போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் ஒரு மன்னிப்பு. அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் கிளப் பிள்ளைகளோடு கோலா பிலாவுக்குத்தான் வந்திருந்தோம். உங்கள் ஊர்வரை வந்துவிட்டு உங்கள் வீட்டு வாசலை மிதிக்காமல் திரும்பியது தப்புதான். ஆனால் நாங்கள் திரும்பிய கோலத்தைப் பார்த்திருந்தால் நீங்களே கதவைச் சாத்தியிருப்பீர்கள்.

கிளப்பின் மாஸ்டர் பெர்னார்ட் என்கிற பாரோய் ஊர்க்காரப் பையன். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன், அறிவுதான் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. கொரியா போவதற்கு முன்னால் குளிரில் பழக வேண்டுமாம். வருஷம் முழுக்க வெயில் காய்கிற இந்த ஊரில் குளிர்காலத்துக்கு எங்கே போவது? அதற்கும் அவன் வழி கண்டுபிடித்தான். உங்கள் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற தோட்டத்தில், மூடிப்போன ரப்பர் ஆலைக்குப் பின்னால் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி இருக்கிறதல்லவா, இரண்டு ஆள் ஆழம், அதை மானேஜரிடம் கேட்டு வாங்கினான். பாசார் மீன்கடைகளுக்கு ஐஸ் ஏற்றுகிற லாரியைப் பேசினான். லாரி நிறைய ஐஸ் கட்டியைத் தொட்டியில் கொட்டி, மேலே பலகை அடுக்கி, நடுவில் ஓட்டை விட்டால் அதுதான் கொரியாவாம். லாரி வந்து ஐஸை இறக்கிக்கொண்டிருக்கும்போதே தோட்டத்து லைன் வீடுகளிலிருந்து ஜனங்கள் மங்குத் தட்டும் கையுமாக வந்துவிட்டார்கள். ஒரு அம்மா ஐஸ் மேல் ஊற்றித் தின்ன ரோஸ் சிராப் போத்தலையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. கேட்டால், "மேனேஜரு ஐஸ் கச்சாங் குடுக்கறாருன்னு சொன்னாங்களே!" என்கிறது. வேண்டாம் என்று சொல்ல பெர்னார்டுக்கு மனசு வரவில்லை. கொரியாவில் கால்வாசியை அப்போதே தின்று முடித்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் நானும் ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

புதுக் காருக்குச் செய்கிற மாதிரி, புனிதா போட்டிருந்த துடுப்புச் செருப்புக்கு அடியில் நான் இரண்டு எலுமிச்சம்பழம் வைத்தேன். இதில் என்ன தப்பு? ஐஸில் முதல் தடவை இறங்குகிற பிள்ளை, நாலு கண் பட்டிருக்கும். அவள் மிதித்தாள், பழம் நசுங்குவதற்குப் பதிலாக உருண்டுவிட்டது, முதுகில் காற்று உருளையோடு ஐஸ் கச்சாங் வரிசைக்குள் போய் விழுந்தாள். "அப்பா, நான் என்ன மைவி காரா?" என்று கத்தினாள். சிராப் போத்தல் உடையவில்லை, அதுவரைக்கும் அம்மன் துணை.

அதற்குப் பிறகு பெர்னார்ட் ஒரு கயிற்றைக் கொண்டுவந்தான். ஐஸுக்கு அடியில் போகிறவரின் மார்பில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையை மேலே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். ஒரு இழுப்பு இழுத்தால் "நல்லா இருக்கியா?" என்று கேட்பது. கீழே இருந்து ஒரு இழுப்பு வந்தால் "நல்லா இருக்கேன்" என்று பதில். கீழே இருந்து படபடவென்று இழுத்தால் உடனே தூக்க வேண்டும். கயிறு யார் கையில் என்று பெர்னார்ட் கேட்டு முடிப்பதற்குள் அது என் கையில் இருந்தது. புனிதா உள்ளே இறங்கினாள். நான் நல்லா இருக்கியா என்று கேட்டேன், பதில் வந்தது. மறுபடியும் கேட்டேன். பெற்ற மனசு மச்சான், பதில் சொன்ன பிறகு ஏதாவது ஆகியிருந்தால்? ஆகவே மறுபடியும் கேட்டேன். கொஞ்ச நேரத்தில் அவள் தலையை வெளியே நீட்டி, வாயிலிருந்த குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "அப்பா, நீங்க இழுத்து இழுத்து நான் இன்னும் கீழயே போகல லா!" என்றாள். லைன் வீட்டு ஜனங்கள் கை தட்டினார்கள், எனக்கா அவளுக்கா என்று தெரியவில்லை.

இரண்டாவது தடவை நான் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். பலகைக்கு அடியில் அவள் எங்கே இருக்கிறாள் என்றே தெரியவில்லை. திடீரென்று கயிறு படபடவென்று துடித்தது. பலகை பறக்க இழுத்தேன். மூட்டை தூக்கிப் பழகிய கை இது, ஓய்வு பெற்றாலும் மறக்கவில்லை. பெர்னார்ட் குனிவதற்குள் பிள்ளை மேலே கிடந்தாள். உதடு நீலம், பல் கிடுகிடுவென்று ஆடுகிறது, தண்ணீரே புகாது என்று சொன்ன உடுப்புக்குள்ளிருந்து ஐஸ் தண்ணீர் கொட்டுகிறது. நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எல்லார் முன்னாலும் அழுதேன். இதை எழுதுவதில் எனக்கு வெட்கமில்லை.

உடுப்புக்குள் தண்ணீர் எப்படிப் புகுந்தது என்பதில் பலர் பலவிதமாகப் பேசுகிறார்கள். மணிக்கட்டில் இறுக்கிப் பிடிக்கிற ரப்பர் பட்டை கிழிந்துபோயிருந்தது. பெர்னார்ட் அதை முகர்ந்து பார்த்து, "யாரு இதுல எண்ணெய் பூசுனது?" என்று கேட்டான். நான் மலையைப் பார்த்தேன். திலகா என்னைப் பார்த்து, "என் தேங்காயெண்ணெ போத்தல் ஏன் காலியாச்சுன்னு இப்பத்தானே தெரியுது!" என்றாள். மச்சான், அது நம் ஊர்ப் பால்மரத்து ரப்பர். காய்ந்துபோய் இருந்தது. பிள்ளை தலைக்குத் தேய்ப்பது போல ஒரு வாரமாக ராத்திரி ராத்திரி பதமாகத் தேய்த்துவிட்டேன். "தோட்டத்துல பொறந்துட்டு ரப்பருக்கு எண்ணெ ஆகாதுன்னு தெரியாதா அங்கிள்?" என்கிறான் அந்தப் பையன். நாங்கள் பால் வெட்டிக் கொடுத்ததோடு சரி, அதற்குப் பிறகு அது எந்த நாட்டுக்குப் போயிற்று, அதன் உடம்புக்கு என்ன ஒத்துக்கொள்ளாது என்று யார் எங்களுக்குச் சொன்னார்கள்?

பெர்னார்ட் வேறு பட்டை மாட்டிவிட்டான். வீட்டுக்குப் போகலாம் என்று நான் கெஞ்சினேன். புனிதா சூடாக ஒரு மைலோ குடித்துவிட்டு, மூன்றாவது தடவை இறங்கி, ஐஸ் கரைகிறவரை உள்ளேயே இருந்துவிட்டு வந்தாள். பாஸ் என்று பெர்னார்ட் கட்டைவிரலைத் தூக்கினான். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நானும் புத்தி கெட்டுப்போய் "சபாஷ்!" என்று கத்திவிட்டேன். இனி நான் எந்த வாயால் போகாதே என்று சொல்வது? அதனால்தான் உங்களை மலை போல நம்பியிருக்கிறேன். இங்கே ஒரு தொட்டி ஐஸுக்கே இந்தப் பாடு, அங்கே ஒரு ஏரி ஐஸ். ஞாயிறு காலை பசியாறுவதற்கே வந்துவிடுங்கள், தோசை வார்த்து வைக்கச் சொல்கிறேன்.

அக்காவுக்கு எங்கள் வணக்கம். பேரப்பிள்ளைகள் நல்ல படிப்பும் நல்ல பசியுமாக வளரட்டும். உங்கள் வீட்டில் எல்லாரும் எக்காலமும் உலர்ந்த தரையில் நலமாக நடமாட வாழ்த்தும்,

ஹேமநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் புனிதா வேலை முடிந்து வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "அங்க கயிறு புடிக்க அந்த ஊரு ஆள் இருக்காங்கப்பா. ஆனா கயிறு உங்க கையில இருந்ததாலதான் நான் மறுபடியும் எறங்குனேன். நீங்க வரலன்னா நானும் போகல" என்றாள். மச்சான், நாம் கேட்டது கையில் வந்து விழுந்துவிட்டது. நான் வரவில்லை என்று சொன்னால் போதும், பிள்ளை வீட்டோடு இருப்பாள், உங்களுக்கும் பஸ் அலைச்சல் இல்லை. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். என் பாஸ்போர்ட் எப்போது முடிகிறது என்று கேட்டுவிட்டேன். ஆகவே ஞாயிற்றுக்கிழமை தோசைக்கு மட்டும் வாருங்கள், அந்த ஒரு வார்த்தை வேண்டாம். கேமரன் மலைக்குப் போனபோது நீங்கள் வாங்கிய கம்பளிக் கோட்டு பூச்சி அரிக்காமல் இருந்தால் கொண்டுவாருங்கள். திலகாதான், "அவ போகட்டும், நீங்க எதுக்கு? நீங்க வழுக்கி விழுந்தா உங்கள யாரு இழுக்கறது?" என்று கோபமாக இருக்கிறாள். இப்போது எனக்கு எதிரே உட்கார்ந்து அவளும் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். அது வந்தால் தயவுசெய்து பிரிக்க வேண்டாம்.