மூன்று செங்கல் உயரம்

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை எழுதுவது. நான் சுகம். வீடு சுகம். வாசலில் ரோடுதான் இன்னும் படுத்த படுக்கையாகக் கிடக்கிறது. நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும்.

சாமான்களைக் கட்டி வை, லாரியோடு வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். துக்கத்துக்கு வந்தபோது, "ரோடு முடியட்டும், உன்னை எங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறேன்" என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் லாரி எப்படி அண்ணா வரும்? ரோடு போட்டார்கள், குழாய்க்காரர்கள் வந்து தோண்டினார்கள். மூடினார்கள், கேபிள்காரர்கள் வந்து, குழாய்க்காரர்கள் எங்கே தோண்டினார்கள் என்று பார்ப்பதற்காகத் தோண்டினார்கள். செலவுத் தொகை எழுதின பலகையைப் பெயின்டர் அழித்து அழித்து எழுதினார். கடைசிச் சைபருக்கு இடமில்லை என்று பெரிய பலகை வாங்கினார்கள், அந்தப் பலகையின் விலையையும் சேர்த்துத் தொகையை மறுபடி மாற்றி எழுதினார்கள்.

இதில் உங்கள் மாப்பிள்ளையின் பங்கும் கொஞ்சம் உண்டு. ஆரம்பத்திலேயே சர்வேயர் நம் வாசற்படியில் ஒரு சிவப்புக் கோடு போட்டு, "இதுல இருந்துதான் மேடு பள்ளம் எல்லாம் அளப்போம், யாரும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் ரோட்டை உயர்த்தினார்கள், மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது, இவர் படியை மூன்று செங்கல் உயர்த்திக் கட்டினார். கட்டினதோடு விட்டாரா? அரசாங்கக் கோடாச்சே என்று பெயின்ட் வாங்கி வந்து, புதுப்படியிலும் அதே இடத்தில் ஒழுங்காகக் கோடு போட்டார். சர்வேயர் அதிலிருந்தே அளந்தார், தெருமுனை வாய்க்கால் மேல் புதுப்பாலம் எழும்பியது, எழும்பின பாலம் ரோட்டோடு சேராமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. மண் இறங்கிவிட்டது என்று ஒரு குழு வந்தது. மண் இறங்கவில்லை என்று சொல்ல இன்னொரு குழு வந்தது. இரண்டு குழுவும் நம் படியில் உட்கார்ந்துதான் டீ குடித்தது. கடைசியில் இவராகவே போய் இஞ்சினியரிடம் சொன்னார்.

"மூணே செங்கல்தான் சார்."

"யோவ், மூணு செங்கலா? அங்க பாலம் அந்தரத்துல நிக்குதுய்யா!"

"தண்ணி உள்ள வந்துச்சு சார்."

"தண்ணி எப்படிய்யா வரும்?"

"நீங்கதான ரோட்டை ஏத்தினீங்க."

பாலத்தை இறக்க முடியாது என்று ரோட்டை இன்னும் ஏற்றினார்கள். தண்ணீர் திரும்ப வந்தது. இவரும் திரும்பச் செங்கல் வாங்கப் போனார். வாங்கி வந்து இறக்கின அன்றைக்குத்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

தூக்கிக்கொண்டு போனவர்கள் மாற்றுப்பாதையில் சுற்றித்தான் போனார்கள். இவர் யாரோடும் சண்டைக்குப் போகாமல் அந்த வழியாகப் போனது அந்த ஒரு நாள்தான். வாசலில் நான் நின்றபோது எதிரே பலகை: "சிரமத்திற்கு வருந்துகிறோம்." சொந்தக்காரர்களுக்கெல்லாம் முன்னால் என்னிடம் துக்கம் விசாரித்தது அந்தப் பலகைதான் அண்ணா.

இஞ்சினியர் இப்போதும் இந்தப் பக்கம் வந்தால், பழக்கத்தில் "வீட்டுக்காரர் இல்லையாம்மா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார். எனக்குக் கோபம் வருவதில்லை. இவரைப் பற்றிக் கேட்கிறவர்கள் இந்தத் தெருவில்தான் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் யார் கேட்பார்கள்?

ஆகையால் பொறுத்துக்கொள்ளுங்கள், லாரிக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். அண்ணியின் முழங்கால் வலி தீர வேண்டும். பிள்ளைகள் உங்கள் பேச்சைக் கேட்டு நடக்க வேண்டும். கேட்காவிட்டாலும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத தங்கை

பின்குறிப்பு: ரோட்டைப் போன வாரமே திறந்துவிட்டார்கள். மேலே எழுதினது எதுவும் பொய் இல்லை, கொஞ்சம் பழசு. பஸ் நம் வாசலிலேயே நிற்கிறது. நீங்களும் அண்ணியும் ஏறி வாருங்கள், நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம். என்னைக் கூட்டிப் போகத்தான் வருவதாக இருந்தால், அண்ணா, ரோடு இன்னும் முடியவில்லை.