சர்பத் அண்ணையின் பேய்த்தண்ணி

உலகத்தில் எந்தத் திரவத்தையும் அதன் சொந்த நிறத்தில் விட்டுவைக்காத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் சர்பத் அண்ணைதான். அவர் கையில் அகப்பட்ட பால் வெள்ளையாக இருந்ததை நான் கண்டதில்லை. ஒருமுறை வீடு சந்திக்க வந்த பங்குச் சுவாமியாருக்குப் பச்சை நிறத்தில் பால் விடாத பிளேன்ரீ கொடுத்தார். குடிப்பதற்கு முன் சுவாமியார் போட்ட சிலுவை வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது.

தொண்ணூறுகளில் நாங்கள் இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் ஒரேத்தோ பக்கம் மூன்றாம் மாடி வீடொன்றில் இருந்தோம். நான், என் கணவர், மகள் ஜெனி. கூடத்தை ஒட்டிய சின்ன அறையில் சர்பத் அண்ணை வாடகைக்கு இருந்தார். மன்னார்க்காரர், தனியாள். ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு பாரில் ஆறு வருடமாகக் கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். போத்தல்கள் அடுக்கியிருக்கும் பக்கம் போக அவருக்கு அனுமதியில்லை. ஆனால் கழுவ வரும் கிளாஸை ஒருதரம் மணந்தாலே போதும். அதில் என்னென்ன கலந்திருந்தது, எது கூடிப்போனது, குடித்தவர் அவசரக்காரரா என்பதுவரை சொல்லிவிடுவார்.

"கலக்கத் தெரியாதவங்கள் அந்தப் பக்கம் நிக்கிறாங்கள், தங்கச்சி. தெரிஞ்ச நான் இந்தப் பக்கம் சவர்க்காரத்தோட நிக்கிறன்" என்பார்.

ஓர் ஒக்டோபர் மதியம் ஒன்பது வயது ஜெனி பள்ளிக்கூடப் பையோடு குதித்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, முப்பத்தோராம் திகதி ஆலோவீன்! பேய்க் கொண்டாட்டம்! என்ர வகுப்பு முழுக்க எங்கட வீட்டை வருது!"

"முழுக்க எண்டா எத்தினை பேரடி?"

"தூத்தி! எல்லாரும்! இருவத்திரண்டு பேர். பேய்த்தண்ணி தருவம் எண்டு சொல்லிப்போட்டன்."

என் கணவர் திடுக்கிட்டார். "பேய்த்தண்ணியோ? சாராயமே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வருடம் ஜெனியின் பிறந்தநாளுக்கும் வகுப்பு முழுவதையும் கூப்பிட்டு, ஒரு மலை உயரத்துக்கு ரோல்ஸ் பொரித்து வைத்தேன். வந்தது இரண்டு பேர். அதிலும் ஒருவன் மேல்மாடிக்குப் போகவேண்டியவன், வழி தவறி வந்துவிட்டான். ஜெனிக்கு அது மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை.

அந்த நேரம் சின்ன அறைக் கதவு திறந்தது. கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"தண்ணியை என்னட்டை விடுங்கோ" என்றார் சர்பத் அண்ணை. கண்கள் பளபளத்தன.

அடுத்த இரண்டு கிழமை நாங்கள் மனிதர்களாக வாழவில்லை. வேலையால் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வாயருகே ஒரு கிளாஸ் நீளும். "குடிச்சுப்போட்டுச் சொல்லுங்கோ, பயமாக் கிடக்கோ?" நாகதாளிப் பழச்சாறு குடித்த அடுத்த நாள் என் சிஞ்ஞோரா, அதாவது நான் வேலை செய்த வீட்டு அம்மா, என் இரத்தச் சிவப்புப் பற்களைக் கண்டதும் கதிரையை இழுத்துப்போட்டு என்னை உட்காரவைத்து வைத்தியரைக் கூப்பிட ஓடினார்.

அதைவிட மோசம் கறுப்புத் தண்ணி. இந்த ஊரில் கணவாய் மையை ஊற்றிப் பாஸ்தா சமைப்பார்கள். அதே மையைச் சர்பத் அண்ணை தேசிக்காய்த் தண்ணியில் கலந்தார். சனி பின்னேரம் அதை ருசி பார்த்த என் கணவர், ஞாயிறு பூசையில் பாடகர் குழுவின் முன்வரிசையில் நின்றார். அவர் வாயைத் திறந்து அல்லேலூயா பாடியபோதெல்லாம் முன் வாங்கில் இருந்த குழந்தைகள் வீரிட்டு அழுதன.

"பலிக்குது!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

முப்பத்தோராம் திகதி வந்தது. மூன்று மணிக்கே சர்பத் அண்ணை வெள்ளைச் சட்டையும், யாரிடமோ இரவல் வாங்கிய கறுப்பு வண்ணத்துப்பூச்சி டையுமாக நின்றார். அயன் பண்ணுகிற பலகையை விரித்து, மேலே படுக்கை விரிப்பைப் போட்டுக் கவுண்டர் ஆக்கியிருந்தார். புரியாணிப் பானை நிறைய மாதுளைச் சாறு. அதில் ஒரு மனிதக் கை மிதந்தது. புது ரப்பர் கையுறைக்குள் சர்பத்தை ஊற்றி உறையவைத்து உரித்தெடுத்த ஐஸ் கை. பக்கத்தில் பச்சை நிறப் பாலில் ஊறி வீங்கிய கசகசா, சர்பத்துக்குப் போடும் துளசி விதை. அதற்குப் பெயர் தவளை முட்டை. லிச்சிப் பழத்துக்குள் கறுப்பு முந்திரிகைப் பழத்தைச் செருகிய கண்கள் எலுமிச்சைச் சோடாவில் உருண்டு எங்களையே பார்த்தன.

நான்கு மணி. ஒருவரும் இல்லை. நாலேகால். ஜெனி பல்கனியில் எக்கி நின்றாள். நாலரை. அவள் உள்ளே வரவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஐஸ் கையில் ஒரு விரல் கரைந்துவிட்டது.

"வருவினம், தங்கச்சி" என்றார் சர்பத் அண்ணை. என்னைப் பார்க்காமல் பானையைப் பார்த்துத்தான் சொன்னார்.

எட்டு வருடம் அந்த ஊரில் இருந்தும், பலெர்மோவில் நாலு மணி என்றால் ஐந்து மணி என்பது எனக்கு அன்றைக்கென்று மறந்துபோயிற்று.

ஐந்துக்கு வாசல் மணி அடித்தது. முதலில் வந்தது பஸ் ஓட்டும் ஒரு தகப்பன், மகளைக் கையில் பிடித்தபடி. ஆறடி உயரம், இரண்டு பக்கமும் முறுக்கிய மீசை. "என்ன இது?" என்று கரண்டியால் பானையைத் துழாவினார். நாலு விரலோடு கை மேலே வந்தது.

"மதோன்னா!" என்று மாதாவைக் கூப்பிட்டு அவர் போட்ட கூச்சலில் மாடிப்படியே அதிர்ந்தது. அதைக் கேட்டு, கீழே தயங்கி நின்ற மிச்சப் பிள்ளைகள் எல்லாரும் படியேறி ஓடி வந்தார்கள். தூத்தி!

ஆனால் ஒருவரும் குடிக்கவில்லை. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு பானையையும் கண்களையும் பார்த்தார்கள். ஜெனியின் உதடு துடிக்கத் தொடங்கியது. சர்பத் அண்ணைக்குத் தெரிந்த இத்தாலிய மொழி, கழுவிய கிளாஸ், கழுவாத கிளாஸ் என்ற அளவில்தான். அவர் தொண்டையைச் செருமினார். நெஞ்சை நிமிர்த்தினார். ஆறு வருடமாகத் தன் முதலாளி வாயிலிருந்து கேட்டதை அதே குரலில், அதே கையசைப்போடு எடுத்துவிட்டார்:

"ப்ரேகோ, சிஞ்ஞோரி! கோசா பிரெந்தியாமோ?" வாருங்கள் ஐயாமாரே, என்ன குடிக்கிறீர்கள்?

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். போன மானத்தை மீட்க வேண்டியிருந்த பஸ்காரர் முன்னே வந்து, "எனக்கு ஒரு தவளை முட்டை" என்றார். இருபத்திரண்டு பேரும் மூச்சைப் பிடித்தார்கள். அவர் குடித்தார். மென்றார். மீசையைத் துடைத்தார்.

"இன்னொன்று!"

பிறகு நடந்ததை நான் சரியாகப் பார்க்கவில்லை; கைகள்தான் தெரிந்தன. "எனக்கு ரத்தம்!" "எனக்கு இரண்டு கண்!" என்ற கூச்சலில் சர்பத் அண்ணை சுழன்றார். நெருக்கத்தில் யாரோ இடித்தார்கள். அயன் பலகை காலை மடக்கியது. பானையைக் காப்பாற்ற அவர் அதைக் கட்டிப்பிடித்தார். பானை முழுவதும் அவர் தலையில் கவிழ்ந்தது. டை, சட்டை, சுவர் எல்லாம் சிவப்பு. ஐஸ் கை அவர் தோளில் போய் உட்கார்ந்தது.

அவர் மெதுவாக, இடுப்பை வளைத்து ஒரு வணக்கம் வைத்தார்.

"பிஸ்! பிஸ்!" என்று வீடே அலறியது. திரும்பச் செய்து காட்டவேண்டுமாம்! ஜெனி அவர் காலைக் கட்டிக்கொண்டு எல்லாரையும்விடக் கூடச் சத்தம் போட்டாள்.

அதற்குப் பிறகு ஜெனி அழைக்கப்படாத பிறந்தநாள் அந்த வகுப்பில் இருக்கவில்லை.

மறுநாள் சகல புனிதர் திருநாள். நானும் சர்பத் அண்ணையும் கோயிலுக்குப் புறப்பட்டோம். தெருவுக்கு எதிரிலிருந்து மூன்று பிள்ளைகள் "சிஞ்ஞோர் சாங்குவே!" என்று, அதாவது இரத்த ஐயா என்று, கத்தினார்கள். அவர் மந்திரிமாரைப்போல் கையை உயர்த்தினார். அடுத்த முடக்கில் கோயில் பக்கம் திரும்பாமல் நேரே நடந்தார்.

"என்ன அண்ணை, இஞ்சாலையெல்லோ போகவேணும்?"

"இதாலையும் போகலாம், தங்கச்சி" என்றார், சட்டைக் கொலரைச் சரிசெய்தபடி.

அது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வீடுகளெல்லாம் இருக்கும் தெரு. கோயிலுக்கு இரண்டு மடங்கு தூரம். பூசைக்கு மணி அடித்துவிட்டது. நான் அவசரமே இல்லாதவள்போல, அவரை ஒரு அடி முன்னே போகவிட்டு மெதுவாக நடந்தேன்.