கடைசி ஒப்புதல்

பல் சுத்தம் செய்துகொள்ள நேரம் கேட்டிருந்த ஒருவரின் கைபேசிக்கு, "உங்கள் பல் வெற்றிகரமாக அகற்றப்பட்டது. நன்றி, மீண்டும் வருக" என்று செய்தி போய்விட்டது. மனிதர் கண்ணாடி முன் நின்று இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, பல் மருத்துவமனைக்குப் போன் போட்டார். மருத்துவமனை ரிசப்ஷன் அம்மா, அந்தச் செயலியை எழுதிக் கொடுத்த மென்பொருள் கம்பெனிக்குப் போன் போட்டார். திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அந்தப் போன் வந்து விழுந்தது கமாவின் மேசையில்.

கமா என்பது அவர் பெயர் இல்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு புரோகிராமில் விட்டுப்போயிருந்த ஒரு கமாவை மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து ஆபீசில் அதுதான் பெயர். வீட்டில் மனைவியும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"பதினேழு பேருக்கு இப்படிப் போயிருக்கு சார். அதுல ஒருத்தர் வக்கீலோட வர்றேன்கிறார்."

"அஞ்சே நிமிஷம் குடுங்கம்மா, சரி பண்ணிடறேன்."

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. 14 என்று இருக்க வேண்டிய இடத்தில் 41 என்று இருந்தது. பதினாலாம் எண் செய்தி 'நேரம் பதிவானது', நாற்பத்தொன்றாம் எண் செய்தி 'பல் அகற்றப்பட்டது'. யாரோ அவசரத்தில் எண்ணை மாற்றி அடித்திருக்கிறார்கள். யாரோ என்ன, கமாவேதான். அதைப் பெரிதுபடுத்த அவர் விரும்பவில்லை. எண்ணைத் திருத்திவிட்டு மேனேஜரிடம் போனார்.

"சார், வெள்ளிக்கிழமை மூணு மணிக்குக் கிளம்பணும். பாப்பா ஸ்கூல்ல நாடகம்."

"தாராளமா போப்பா. இந்தப் பல்லு விவகாரம் முடிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்."

"அது முடிஞ்ச மாதிரிதான் சார்."

போன மாதமாக இருந்தால் உண்மையிலேயே முடிந்திருக்கும். ஒரு பட்டனை அழுத்தி மருத்துவமனைக்கு அனுப்பியிருப்பார். ஆனால் இந்த மாதத்திலிருந்து ஆபீசில் சீரமைப்பு நடக்கிறது. வேலைகள் தாமதமாகின்றன என்று மேலிடம் ஒரு ஆலோசகரைக் கொண்டுவந்திருந்தது. அவர் வந்த அன்றே எல்லாரையும் கூட்டி, வெள்ளைப் பலகையில் பதினோரு வட்டங்கள் போட்டு அம்புக்குறிகளால் இணைத்தார். அன்று சாயந்திரத்துக்குள் அவருக்கு 'வட்டம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. மறுநாள் ஒவ்வொரு மேசையிலும் ஓர் எண்ணை ஒட்டினார். கமாவின் மேசைக்கு நாற்பத்தேழு.

அந்தக் கூட்டத்தில் கமா ஏழாவது வட்டம் வரை தாக்குப்பிடித்தார். எட்டாவது வட்டத்தில், வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு நைசாக நழுவினார். போதாக்குறைக்கு, தலைப்பில் 'சீரமைப்பு' என்று இருக்கும் எந்த மெயில் வந்தாலும் அது தானாகவே 'அப்புறம்' என்ற பெட்டிக்குள் போய் விழும்படி செய்துவைத்தார். அதில் இப்போது இருநூற்றுப் பத்து மெயில்கள் இருந்தன. அந்த ஆபீசில் இதுவரை நடந்த ஒரே உருப்படியான சீரமைப்பு இதுதான் என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இப்போது இரண்டு இலக்கத்தை மாற்ற முப்பத்தொரு கேள்விகள் கொண்ட படிவம் நிரப்ப வேண்டியிருந்தது. 'இம்மாற்றத்தால் எத்தனை ஊழியர்கள் இடம்பெயர நேரும்?' பூஜ்யம். 'மாற்றம் தோல்வியுற்றால் தங்கள் மனநிலை எவ்வாறு இருக்கும்?' வருத்தம். எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பினார். திரையில் ஒரு வரி வந்து நின்றது: 'வரிசையில் மூன்றாவது. கடைசி ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.'

கமா வட்டத்தைத் தேடிப் போனார்.

"சார், கடைசி ஒப்புதல் யாரு குடுப்பாங்க?"

"அது ரகசியம்."

"ரகசியமா?"

"பேரு தெரிஞ்சா எல்லாரும் அவர் மேசைய சுத்தி நின்னுக்குவீங்க. காபி வாங்கிக் குடுப்பீங்க. அப்புறம் முடிவு எப்படி நடுநிலையா இருக்கும்? எனக்கே தெரியாது. மேனேஜருக்கே தெரியாது. கூட்டத்தோட கடைசியில எல்லாரும் போன்ல ஓட்டுப் போட்டோமே, அத வெச்சு சிஸ்டமே ஒருத்தர எடுத்துக்கிட்டு, அவருக்கு மட்டும் மெயில் அனுப்பிடுச்சு."

"ஆமாமா, ஓட்டு," என்று கமா வேகமாகத் தலையாட்டினார். பாதியில் நழுவியது தெரிந்துபோகக் கூடாதே.

சாயந்திரம் வாசலில் செக்யூரிட்டி அண்ணன் பதிவேட்டை நீட்டினார். வட்டம் வந்த பிறகு போகிற நேரத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"என்ன சார், முகம் வாடியிருக்கு?"

"வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு வெளிய போயாகணும் அண்ணே. அதான் கவலை."

"போயிடலாம் சார். நான் இருக்கேன்ல."

வீட்டில் மகள் ஒரு பெரிய அட்டையில் கைப்பிடி வரைந்துகொண்டிருந்தாள். நாடகத்தில் அவள் கதவு.

"அப்பா, போன வருஷம் நான் மேகம். அதுக்கு முந்தி கல்லு. ரெண்டுக்கும் நீ வரல."

"இந்தத் தடவ வந்துருவேன்டா."

"இந்தத் தடவ எனக்கு வசனம் இருக்கு." அட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு கத்தினாள்: "யார் நீ? பெயரைச் சொல்! சொன்னால்தான் திறப்பேன்!"

மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "போன தடவ மேகம் பூரா நேரமும் வாசலத்தான் பாத்துக்கிட்டு நின்னுச்சு. தெரியும்ல?"

கமாவுக்குத் தெரியும். யாரோ எடுத்த வீடியோவில் பார்த்திருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் அவருக்கு வெட்கமாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலையிலும் ஒப்புதல் வரவில்லை. கமா வட்டத்திடம் போய், இது அவசரம் என்றார். நல்ல கேள்வி என்றார் வட்டம். அவசரம் என்றால் என்ன என்று தீர்மானிக்க ஒரு குழு கூடியது. ஒரே நாளில் குவிந்துவிட்ட அறுபத்து மூன்று மாற்றங்களையும் அது பரிசீலித்து, அறுபத்து மூன்றுமே அவசரம் என்று ஒருமனதாக முடிவு செய்தது. எல்லாமே அவசரம் என்பதால், பெரிய வேலைகள் முதலில், சின்ன வேலைகள் பிறகு என்று வரிசையை மாற்றினார்கள். இரண்டு இலக்க மாற்றத்தைவிடச் சின்ன வேலை ஆபீசிலேயே இல்லை. மூன்றாவதாக இருந்த கமா அறுபத்து மூன்றாவதாகப் போய் நின்றார்.

"இந்த வேகத்துல போனா அடுத்த வருஷ நாடகத்துக்கும் போக முடியாது சார்," என்று கமா வெடித்தார்.

"தாமதத்துக்குக் காரணம் கண்டுபிடிக்க ஒரு குழு போட்டுடலாம்," என்றார் மேனேஜர். "யாரத் தலைவரா போடுறது? இங்க இல்லாதது யாரு?"

அந்த ஆபீசில் இது பழைய வழக்கம். கூட்டத்தில் யார் இல்லையோ அவர் தலையில் வேலையைக் கட்டிவிடுவார்கள். தண்ணீர் குடிக்கப் போயிருந்த டேட்டாபேஸ் அக்கா திரும்பி வந்தபோது குழுத் தலைவி ஆகியிருந்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து கமாதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

புதன்கிழமை அக்காவின் குழு, ஆட்கள் கூட்டங்களில் உட்கார்ந்துகொண்டே இருப்பதுதான் தாமதத்துக்குக் காரணம் என்று கண்டுபிடித்தது. உடனே வட்டம் கூட்ட அறையிலிருந்து நாற்காலிகளை எல்லாம் அகற்றினார். இனிமேல் நின்றுகொண்டு பதினைந்தே நிமிஷத்தில் பேசி முடிக்க வேண்டும். முதல் கூட்டம் ஒன்றே முக்கால் மணி நேரம் நடந்தது. அதில் பாதி நேரம், யார் எந்தச் சுவரில் சாய்ந்துகொள்ளலாம் என்பதைப் பேசினார்கள்.

வியாழக்கிழமை காலை ரிசப்ஷன் அம்மா மறுபடியும் கூப்பிட்டார்.

"சார், எண்ணிக்கை நூத்தி நாப்பதாயிடுச்சு. ஒரு பெரியவர் டாக்டர்கிட்ட வாயத் திறந்து காட்டி, எந்தப் பல்லு போச்சுன்னு கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு கேக்கறார்."

கமாவுக்கு அப்போதுதான் ஒரு யோசனை பிறந்தது. டேட்டாபேஸ் அக்காவிடம் ஓடினார்.

"அக்கா, எண்ண மாத்தத்தானே ஒப்புதல் வேணும்? அந்த எண்ணுக்குள்ள இருக்கற வாசகத்த மாத்தலாம்ல?"

அக்கா படிவங்களைப் புரட்டிப் பார்த்தார். "வாசகத்தப் பத்தி எங்கயும் எதுவும் சொல்லலையே."

"அப்ப நாப்பத்தொண்ணுல 'உங்கள் நேரம் பதிவானது, பத்து நிமிடம் முன்னதாக வரவும்'னு போட்டு விடுங்கக்கா. முடிஞ்சுது."

அக்கா போட்டுவிட்டார். இரண்டு மணி நேரம் கமா சீட்டியடித்துக்கொண்டிருந்தார். பிறகு போன் வந்தது.

"சார், நெஜமாவே பல்லு புடுங்கிட்டுப் போனாங்களே, அவங்களுக்கெல்லாம் இப்ப நேரம் பதிவாயிருக்குன்னு போகுது. எட்டுப் பேரு வாயில பஞ்சோட திரும்பி வந்து உக்காந்திருக்காங்க."

"என்ன சொல்றாங்க?"

"எங்க சொல்றது? வாயத் தொறக்க முடியல. காகிதத்துல எழுதி எழுதித் திட்டறாங்க. எங்ககிட்ட காகிதமே தீந்துபோச்சு."

பழைய வாசகத்தை மறுபடி போடலாம் என்று பார்த்தால், வாசகத்தை மாற்றவும் ஒப்புதல் வேண்டும் என்று வட்டம் மதியமே பன்னிரண்டாவது வட்டத்தைப் போட்டுவிட்டார். கமா இன்னொரு படிவம் நிரப்பினார். வரிசையில் அறுபத்து நாலாவது. 'அப்புறம்' பெட்டியில் எண்ணிக்கை முந்நூற்று எண்பத்தாறு ஆகியிருந்தது. கமா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது, கதவு வேஷத்தில் மகள் வாசலை மறித்து நின்றாள்.

"யார் நீ? பெயரைச் சொல்!"

"அப்பாதான்டா."

"எத்தன மணிக்கு வருவ?"

"மூணுக்குக் கிளம்பிடுவேன். மூணரைக்கு உன் முன்னாடி இருப்பேன்."

கதவு அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வழிவிட்டது. போகிற வழியெல்லாம் கமா தனக்குள் திட்டிக்கொண்டே போனார். கோபம் முழுக்க அந்த முகம் தெரியாத ஆள் மேல்தான். ஒரு வாரமாகச் சும்மா உட்கார்ந்துகொண்டு, ஒரு பட்டனை அழுத்த முடியாத சோம்பேறி யார்? அறுபத்து நாலு வேலைகளில் ஒன்றையாவது நகர்த்தினானா? ஆபீசுக்குப் போனதும் கமா உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார்.

'கடைசி ஒப்புதல் தரும் பொறுப்பில் உள்ள நபர் ஒரு வாரமாக ஒரு மாற்றத்தைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. இவருடைய பொறுப்பின்மையால் நல்ல மனிதர்கள் பல்லை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். இவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், இன்றே வேலையை விட்டு நீக்க வேண்டும். இது பற்றி எந்தக் குழுவும் கூட வேண்டாம், யாரும் நிற்கவும் வேண்டாம்.'

ஆபீசில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். டேட்டாபேஸ் அக்கா இரண்டு இடத்தில் போட்டார்.

மேனேஜர் கடிதத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "கமா, இத்தன வருஷத்துல நீ எழுதினதுலயே தப்பே இல்லாதது இதுதான்பா."

"நடவடிக்கை எடுப்பீங்களா சார்?"

"இன்னிக்கே. புது ஆளப் போட்டதும் உன் பல்லத்தான் முதல்ல தள்ளி விடச் சொல்றேன். நீ நாடகத்துக்குக் கிளம்பு."

வட்டத்துக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "யாருன்னே தெரியாம ஒருத்தர வேலைய விட்டுத் தூக்கறோம். இதவிட நடுநிலையான முடிவு இருக்க முடியுமா? சிஸ்டத்துல 'நீக்கு'ன்னு அடிச்சா போதும், மேசை எண்ணு நேரா வாசல் செக்யூரிட்டிக்குப் போயிடும். நமக்குத் தெரியவே வேண்டாம்."

பத்தே நிமிஷத்தில் முடிவெடுக்கப்பட்டது. அந்தக் கம்பெனியின் சரித்திரத்தில் அவ்வளவு வேகமாக எதுவும் நடந்ததில்லை. எல்லாரும் கமாவின் முதுகில் தட்டினார்கள். கமா மனைவிக்குப் போன் போட்டார்.

"கிளம்பிட்டேன்னு வெச்சுக்கோ. முன் வரிசையில எனக்கும் இடம் போட்டு வை."

"நெஜமாவா?"

"என்னையவே சந்தேகப்படுறியா? கதவுகிட்ட சொல்லிடு."

மணி மூன்றாகப் பத்து நிமிஷம் இருந்தபோது, செக்யூரிட்டி அண்ணன் ஒரு காலி அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். தட்டச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. எல்லாரும் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். அந்தச் சோம்பேறியின் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் போவது என்று கமாவும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நுனிக்காலில் நின்றார்.

அண்ணன் கையிலிருந்த சீட்டையும் மேசைகளில் ஒட்டியிருந்த எண்களையும் மாறி மாறிப் பார்த்தபடி மெதுவாக நடந்து வந்தார். முப்பது தாண்டியது. நாற்பது தாண்டியது. டேட்டாபேஸ் அக்கா ஒரு நொடி நெஞ்சில் கை வைத்தார், அண்ணன் அவரையும் தாண்டி வந்தார்.

"யாரு அண்ணே அந்த ஆளு?" என்று கமா ஆவலோடு கேட்டார்.

அண்ணன் பெட்டியைக் கமாவின் மேசை மேல் வைத்தார். சீட்டை இன்னொரு தடவை பார்த்தார்.

"நாப்பத்தேழு இதுதானே சார்? சாமானையெல்லாம் இதுல போட்டுக் குடுத்து, உங்கள மூணு மணிக்குள்ள வெளிய அனுப்பிடச் சொல்லி உத்தரவு."